கிரேக்கக் கதைல எந்தப் பொண்ணுகிட்டயாவது "உனக்கு சம்மதமா"னு கேட்டிருக்காங்களா? (அக்கா மக கேக்குறா)

திருநகர் சித்தி:

எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு வருசமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன். அக்கா மக ஆறாப்பு, பரீட்சை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்திருக்கா. ராத்திரி கரண்ட் போனா மொட்டை மாடில பாய் போட்டுட்டு ஆளுக்கொரு விசிறியோட கதைதான். ராமாயணம், மாயாண்டி சாமி, பக்கத்து வீட்டு பேய் எல்லாம் காலியாகி தமுக்கம் புத்தகத் திருவிழால எப்பவோ வாங்குன கிரேக்கக் கதைப் புத்தகத்தை எடுத்துட்டேன், அங்கதான் வினையே.

மெதூசா தலைய வெட்டுன பெர்சியூஸ் கதைதான் சொன்னேன். தலைல பாம்பு, பறக்குற செருப்பு, பிள்ளைக்கு செம குஷி. சரி அவன் எப்படிப் பொறந்தான்னு கேட்டா. ஆர்கோஸ் ராஜா அக்ரீசியஸுக்கு உன் பேரன் கையால உனக்கு சாவுன்னு குறி சொல்லிட்டாங்க, அதனால மக டனாயிய வெண்கல அறைல போட்டு பூட்டிட்டான், ஆனா கடவுளுக்கெல்லாம் ராஜாவான சியூஸ் தங்க மழையா கூரை வழியா இறங்கிட்டாருன்னேன். "எதுக்கு இறங்குனாரு?" "அந்த அக்காவ அவருக்குப் பிடிச்சிருந்துச்சு." "அந்த அக்காவுக்கு அவர பிடிச்சிருந்துச்சா? கேட்டாரா?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. மறுநாள் புத்தகத்தை ஃபுல்லா புரட்டிட்டேன். ஐரோப்பாகிட்ட காளை மாட்டு வேசத்துல வந்து முதுகுல ஏத்தி கடல் தாண்டி கிரீட்டுக்குத் தூக்கிட்டுப் போறாரு. லீடாகிட்ட அன்னம். ஐயோன்னு ஒருத்தி (ஆமா பேரே அதான், இவ விழுந்து விழுந்து சிரிச்சா), அவளை பசுமாடாவே ஆக்கிடுறாரு, பொண்டாட்டி ஹீராவுக்குத் தெரியக்கூடாதுன்னு. அந்தப் பசு அப்பாவைப் பாத்து பேச முடியாம குளம்பால மண்ணுல தன் பேரை எழுதிக் காட்டுதுன்னு படிச்சப்ப சிரிப்பெல்லாம் நின்னு போச்சு ரெண்டு பேருக்கும். கடைசில தண்டனை எல்லாம் பொண்ணுகளுக்குத்தான், சியூஸுக்கு ஒண்ணுமே இல்ல.

என் கேள்வி இதான், கேட்டு நடந்த கதைன்னு ஒண்ணே ஒண்ணாவது இருக்கா? இல்ல "அந்தக் காலத்துல அப்படித்தான்"னு சொல்லி முடிச்சிடவா?

பரங்குன்றத்தான்:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கு பிள்ளை. அங்க போறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வாசலப் பாப்போம். நீங்க திருநகர்ல உக்காந்துகிட்டு கேக்குறீங்க, இதே மாதிரி கேள்வி உங்களுக்கு நடக்குற தூரத்துல பரங்குன்றத்துல சங்க காலத்துலயே கேட்டிருக்காங்க.

பரிபாடல்ல 19-வது பாட்டு, நப்பண்ணனார் பாடுனது. மதுரையில இருந்து ஜனங்க பரங்குன்றத்துக்குக் கிளம்பி வர்றாங்க, அங்க எழுத்து நிலை மண்டபம்னு ஒண்ணு, எழுத்துன்னா இங்க சித்திரம். வந்தவங்க ஒவ்வொரு படமா கை நீட்டி இது யாரு இது யாருன்னு கேக்குறாங்க, தெரிஞ்சவங்க சொல்றாங்க. இது ரதி, இது காமன். அடுத்த படம்தான் நமக்கு வேண்டியது. இந்தப் பூனைதான் இந்திரன், இவ அகலிகை, இவன் வெளிய போயிருந்த கௌதமன், அவன் கோவத்துல இவ கல்லா ஆன விதம் இதுன்னு. பாட்டுல பூனைக்கு "பூசை"ன்னு இருக்கும். அந்தச் சித்திரம் எல்லாம் இப்ப இல்ல, பாட்டுதான் மிச்சம். ஆனா அந்தக் கூட்டத்துல சித்தி கையப் பிடிச்சுகிட்டு ஒரு பிள்ளை "அந்த அக்கா ஏன் கல்லா ஆனா, பூனைதானே தப்பு பண்ணுச்சு"ன்னு கேக்காமயா இருந்திருக்கும்?

இதுக்கு நேர் ஜோடி கிரேக்கத்துல அல்க்மீனி. புருசன் ஆம்பிட்ரியோன் சண்டைக்குப் போயிருக்கான், சியூஸ் அவன் உருவத்துலயே வீட்டுக்குள்ள வர்றாரு. போர்ல நான் இப்படி வெட்டுனேன் அப்படி குத்துனேன்னு கதை வேற விடுறாரு. போதாததுக்கு அந்த ஒரு ராத்திரிய மூணு ராத்திரி நீளத்துக்கு இழுத்துட்டாரு. அப்புறம் நிஜப் புருசன் வந்து அதே போர்க் கதைய ஆரம்பிக்க, இவ "அதான் சொல்லிட்டீங்களே"ங்கிற மாதிரி முழிக்க, குருட்டு ஜோசியக்காரன் டைரீசியஸ் வந்துதான் விசயத்தை உடைக்கிறான். அதுல பொறந்தவன்தான் ஹெராக்ளிஸ். ஆனா ஒண்ணு, அல்க்மீனிய யாரும் கல்லாக்கல. அந்த மட்டுக்கு அங்க பரவால்ல. அகலிகைக்கு உள்ளுக்குள்ள தெரியும்னு கம்பர் வைக்கிறாரு, அல்க்மீனிக்கு தெரியவே தெரியாது. ரெண்டும் ஒண்ணு இல்ல, பிள்ளைக்கு சொல்றப்ப அத மட்டும் கலந்துடாதீங்க.

நான்தான்_பேசுறேன்:

சின்னப் பிள்ளைக்கு எதுக்குக்கா இதெல்லாம், பஞ்சதந்திரம் சொல்ல வேண்டியதுதானே.

திருநகர் சித்தி:

பஞ்சதந்திரத்துல குரங்கு ஈரலை முதலை பொண்டாட்டி கேக்குறா தம்பி. அதுக்கும் இவ கேள்வி வச்சிருக்கா.

நூலகப் பூனை:

அக்கா, இருக்கு. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு, ஆனா கேட்டா என்ன ஆச்சுங்கிறதுதான் விசேசம். நான் இதையே ஒரு காலத்துல ஆய்வுக்கு எடுக்கலாம்னு இருந்தேன், வழிகாட்டியா இருந்தவர் சிலப்பதிகாரத்தை விட்டு நகர விடல, அது வேற சோகக்கதை.

முதல்ல மார்பெசா. அப்பாகிட்ட இருந்து இவளை இடாஸ்னு ஒருத்தன் தூக்கிட்டு ஓடுறான் (உண்மையச் சொன்னா இவனும் கேட்டுத் தூக்கலை, அத அப்புறம் பாப்போம்). அப்போலோ குறுக்க வந்து எனக்குத்தான்னு நிக்கிறாரு. இடாஸ் என்ன பண்றான் தெரியுமா, மனுசப் பய, கடவுளுக்கு எதிரா வில்லை எடுத்துடுறான். ஹோமரே இலியட் காவியத்துல ஒம்பதாவது புத்தகத்துல இத சொல்லிட்டுப் போறாரு. சண்டை முத்துனதும் சியூஸ் வந்து விலக்கிவிட்டு, எல்லா தப்பும் பண்ணுன அதே சியூஸ்தான், பொண்ணையே கேளுங்கன்னுட்டாரு. மார்பெசா இடாஸைத்தான் சொன்னா. காரணம் கேளுங்க, நான் கிழவி ஆனா அப்போலோ விட்டுட்டுப் போயிடுவாரு, இவனும் என்கூடவே கிழவனாவான். அவ்வளவுதான். காதல் வசனம் எதுவும் இல்ல, நம்ம வீட்டு அப்பத்தா கணக்குப் போடுற மாதிரி போட்டுட்டா.

அவ கணக்கு சரிதான்னு காட்ட கூமே ஊர்ல குறி சொல்ற சிபில் கதை இருக்கு, ரோமக் கவிஞர் ஓவிட் சொல்றது. அப்போலோ என்ன வேணும்னாலும் கேளுன்னாரு, இவ ஒரு பிடி மண்ண அள்ளி இதுல எத்தன மணல் இருக்கோ அத்தன வருசம் வாழணும்னா. இளமையோடன்னு சேத்துக் கேக்க மறந்துட்டா. அதையும் தர்றேன், ஆனா என்கூட இருன்னாரு, இவ மாட்டேன்னுட்டா. ஆயிரம் வருசம், அதுல எழுநூறு ஓடிப்போச்சு, உடம்பு சுருங்கி சுருங்கி கடைசில குரல் மட்டும்தான் மிஞ்சும்னு அவளே சொல்றா. எனக்கு இத படிக்கும்போதெல்லாம் எங்க தெருவுல முக்காடு போட்டு திண்ணைல சுருண்டு கிடக்குற ஒரு பாட்டி ஞாபகம் வந்துடும், ஆளே தெரியாது, "யாருடி அது"ன்னு குரல் மட்டும் வரும்.

டிராய் இளவரசி கசாண்ட்ரா முதல்ல சரின்னுட்டு அப்புறம் மாட்டேன்னவ. அப்போலோ ஏற்கனவே குறி சொல்ற வரத்தைக் குடுத்தாச்சு, குடுத்த வரத்தைத் திருப்பி வாங்க முடியாது, அதனால நீ சொல்றத எவனும் நம்ப மாட்டான்னு ஒரு வால ஒட்டிவிட்டாரு. டிராய் எரியப் போகுதுன்னு கத்துறா, ஒரு ஆள் காதுல வாங்கல. ஈஸ்கிலஸ் நாடகத்துல (கி.மு. 458) அவ அரண்மனை வாசல்ல நின்னுகிட்டு உள்ள நடக்கப்போற கொலைய, தன் சாவையும் சேத்து, சொல்லிட்டு உள்ள போவா. அந்த இடம் எத்தன தடவை படிச்சாலும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

சியூஸ் ஆசைப்பட்ட மனுசப் பொண்ணு செமலீ கேட்டா, அதுலயே எரிஞ்சா. ஹீரா கிழட்டு ஆயா வேசத்துல வந்து, வர்றது நிஜமாவே சியூஸ்தானா, இல்ல எவனாவது பேரைச் சொல்லி ஏமாத்துறானான்னு கொளுத்திப் போட்டுட்டா. இவ வரம் கேட்டா, சியூஸ் ஸ்டிக்ஸ் ஆத்து மேல சத்தியம் பண்ணிட்டாரு, அப்புறம் "உங்க நிஜ உருவத்துல வாங்க"ன்னா. தசரதன் கைகேயிகிட்ட மாட்டுன மாதிரிதான், பேச்சு மாற முடியாது, இடி மின்னலோட வந்தாரு, அவ சாம்பல். வயித்துல இருந்த பிள்ளைய எடுத்து தன் தொடைல வச்சுத் தைச்சுகிட்டாரு, அதான் டயோனைசஸ். ஒரு ஆறுதல், அந்தப் பிள்ளை வளந்து பாதாளத்துக்கே போய் அம்மாவ மீட்டு மேல கூட்டிட்டு வந்துடுறான். அவன் கட்டிகிட்டதும் மனுசப் பொண்ணைத்தான், ஆரியாட்னி, தீசியஸ் நக்ஸாஸ் தீவுல தூங்குறப்ப விட்டுட்டு ஓடுனானே, அவதான். கூட்டத்துல அந்த ஒரு ஜோடிதான் கொஞ்சம் உருப்படி.

பாப்பாவுக்கு இன்னும் பெரியவளானதும் யூரிப்பிடிஸோட ஐயோன் நாடகம் குடுங்க (இந்த ஐயோன் வேற, அந்த ஐயோ வேற). ஏதென்ஸ் இளவரசி கிரியூசாவ அப்போலோ குகைக்கு இழுத்துட்டுப் போறாரு. அவ குங்குமப்பூ பறிச்சு மடில வச்சிருந்த பொண்ணு, அம்மா அம்மான்னு கத்துறா. அப்புறம் ரகசியமா பெத்து கூடைல வச்சு அதே குகைல விட்டுட்டு வந்துடுறா. வருசக்கணக்கா வாயே திறக்கல. நாடகத்துல ஒரு கட்டத்துல தாங்காம அப்போலோவோட கோயில் வாசல்லயே நின்னு, பாவி, இங்க வீணை வாசிச்சிட்டு உக்காந்திருக்கியா, உன் பிள்ளைய கழுகு தூக்கிட்டுப் போயிருக்கும்டான்னு வெடிக்கிறா. பிள்ளை உசுரோடதான் இருக்கு, டெல்ஃபி கோயில்லயே வளருது, அது வேற. குந்தி ஒரு தடவையாவது சூரியனைப் பாத்து இப்படி கேட்டிருக்கலாம்னு தோணும் எனக்கு. அங்க கூடை, கைப்பிள்ளையோட கடல்ல விட்ட டனாயிக்கு பெட்டி, நம்ம கர்ணனுக்கும் பெட்டி. கடவுளுக்குப் பொறந்த பிள்ளைகளுக்கு தொட்டில் மட்டும் யாரும் செஞ்சு வைக்கல போல.

கடைசியா ஒண்ணு. இந்தப் பொண்ணுகள் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம்னா, அது வம்சாவளிக் கணக்கு. ஒவ்வொரு ஊர் ராஜ குடும்பத்துக்கும் மூத்த பாட்டிய ஒரு கடவுளோட முடிச்சுப் போடணும். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பேர்ல இதுக்குன்னே ஒரு பெரிய பாட்டு இருந்துச்சு, "அல்லது இவளைப் போல" "அல்லது இவளைப் போல"ன்னே ஒவ்வொருத்தி கதையும் தொடங்கும், இப்ப எகிப்து பாப்பிரஸ் கிழிசல்கள்ல துண்டு துண்டாத்தான் கிடைக்குது. அதுல பிள்ளைதான் முக்கியம், அவ மனசு யாருக்கு வேணும். ஹோமரோட ஒடிசில டைரோங்கிற பொண்ணுகிட்ட கடல் கடவுள் பொசைடன் சொல்றது அப்படியே அந்த மனப்பான்மைதான், நல்ல பிள்ளைக பொறக்கும், நல்லா வளத்துக்க, வீட்டுக்குப் போ, என் பேரை யார்கிட்டயும் சொல்லாத. இலியட்ல சியூஸ் இன்னும் ஒரு படி மேல, சொந்தப் பொண்டாட்டி ஹீராவ மயக்குறதுக்கு, அவள நான் ஆசைப்பட்டப்ப கூட இவ்வளவு இல்ல, டனாயி, ஐரோப்பா, செமலீ, அல்க்மீனின்னு வரிசையா பேர் வாசிக்கிறாரு. எங்க ஊர்ல இத சொன்னா கரண்டி பறக்கும்.

திருநகர் சித்தி:

பூனை, நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். மார்பெசா கதைய இன்னைக்கே சொல்லிட்டேன். "பரவால்லயே, சியூஸுக்கு கேக்கத் தெரிஞ்சிருக்கே"ன்னா. அடுத்து, "அப்ப ஏன் மத்தவங்கள கேக்கல?" முடியல என்னால.

நாகமலை வானம்:

லேட்டா வர்றேன், ஆனா கரண்ட் போற மொட்டை மாடின்னு சொன்னீங்க, விட மாட்டேன்.

இப்ப பங்குனி சித்திரைல ராத்திரி ஒம்பது மணிக்கு வடக்குப் பக்கம் திரும்பி நில்லுங்க, சப்தரிஷி மண்டலம் கரண்டி மாதிரி தெரியும். கிரேக்கக்காரனுக்கு அது பெரிய கரடியோட பின்பகுதியும் வாலும். அந்தக் கரடிதான் கலிஸ்டோ. வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸ் கூட்டத்துல வேட்டைக்காரி, கல்யாணமே வேணாம்னு சத்தியம் பண்ணுனவ. சியூஸ் அந்த ஆர்டெமிஸ் உருவத்துலயே கிட்ட வந்து ஏமாத்துறாரு. கர்ப்பம்னு தெரிஞ்சதும் ஆர்டெமிஸ் விரட்டுது, ஹீரா கரடியாக்குது. ஓவிட் ஒரு வரி எழுதுறாரு, கரடி ஆன பிறகும் அவ மத்த கரடிகளப் பாத்து பயந்து ஒளிஞ்சுக்குவாளாம், தானும் கரடிங்கிறது மறந்து போய். பெத்த மகன் வளந்து வந்து ஈட்டிய ஓங்குறப்பதான் சியூஸ் ரெண்டு பேரையும் தூக்கி வானத்துல வச்சாரு.

இப்ப கரண்டிக் காம்புல நடு நட்சத்திரத்தைப் பாருங்க. வசிஷ்டர். ஒட்டிகிட்டு மங்கலா இன்னொண்ணு தெரியும், கண்ணு நல்லா இருந்தா. அருந்ததி! அம்மி மிதிச்சு கல்யாணத்துல காட்டுவாங்களே அதான் (பட்டப்பகல்ல மண்டபத்து ஃபேனைக் காட்டி அருந்ததின்னு சொன்ன ஐயர எனக்குத் தெரியும், ஏன்னா அது என் கல்யாணம்). ஏமாந்து கரடியானவளோட வாலுலதான் நம்மாளு கற்புக்கரசிய உக்கார வச்சிருக்கான்.

இன்னொண்ணு. வானத்துல வச்ச பிறகும் ஹீராவுக்கு ஆத்திரம் அடங்கல, கடல் தெய்வங்ககிட்ட போய் இந்தக் கரடி உங்க தண்ணில இறங்கிக் குளிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா. அதாவது அது அஸ்தமிக்கவே கூடாது, ஓய்வே கிடையாது. ஹோமர் காலத்து கிரீஸ்ல இருந்து பாத்தா நிஜமாவே அது அடிவானத்துக்குக் கீழ இறங்காது. ஆனா மதுரை பூமத்தியரேகைல இருந்து பத்து டிகிரிதான். துருவ நட்சத்திரமே கைய நீட்டி முஷ்டி பிடிச்சா அந்த ஒரு முஷ்டி உயரத்துலதான் இருக்கும். அதனால நம்ம ஊர்ல கரடி தினமும் வடக்க முழுசா இறங்கிடும். ஹீரா சாபம் மதுரைல செல்லாது. பாப்பாகிட்ட சொல்லுங்க.

வியாழனோட நிலாக்களுக்கும் இதே பொண்ணுக பேருதான், ஐயோ, ஐரோப்பா, கலிஸ்டோ. கலிலியோ 1610-ல பாத்தாரு, இந்தப் பேருகள 1614-ல புத்தகத்துல போட்டவர் சைமன் மாரியஸ். நாலாவது கேனிமீட், அது பையன், அந்தக் கதைய இப்போதைக்கு தள்ளி வைங்க. வியாழன்னா அவங்களுக்கு ஜூபிடர், அதாவது சியூஸ். நாசா 2011-ல அங்க ஒரு விண்கலம் அனுப்புனாங்க, 2016-ல போய்ச் சேந்துச்சு, அதுக்கு என்ன பேரு தெரியுமா? ஜூனோ. ஹீராவோட ரோமப் பேரு. பொண்டாட்டியையே வேவு பாக்க அனுப்பிட்டாங்க.

மேலூர் மைனர்:

படிச்சவய்ங்க எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க, நான் ஒண்ணு சொல்றேன்க்கா. கேட்டு நடந்த கதை வேணும்னா எதுக்கு கப்பல் ஏறணும், நம்ம வள்ளி திருமணம் நாடகம் இருக்குல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுனது. எங்க பக்கம் திருவிழான்னா அந்த நாடகம் இல்லாம விடியாது, நான் அஞ்சு வயசுல இருந்து மண்ணுல உக்காந்து பாக்குறேன். நாரதர் வந்து முருகனக் கட்டிக்கன்னு வள்ளிகிட்ட சொல்ல, வள்ளி விடுவாளா, தர்க்கம்! ஆர்மோனியக்காரர் ஒரு பக்கம் ஏத்திவிட, எந்த வள்ளி வேசக்காரம்மா நல்லா மடக்குதோ அந்தம்மாவுக்குத்தான் அடுத்த வருசமும் அட்வான்ஸ். அப்புறம் முருகன் வேடனா வர்றாரு, அவரும் சும்மா தூக்கிட்டுப் போகல, நீ யாரு எந்த ஊரு, ஏன் என் புனத்துக்குள்ள வந்தன்னு இவ கேக்க அவரு பதில் சொல்லியே ஆகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு சாமி மேடைல நின்னு பதில் சொல்ல முடியாம திணறுறத எங்க ஊர் கிழவிக கைதட்டி ரசிக்கும்.

நியாயமா சொல்லணும்னா கடைசில யானைய விட்டு பயமுறுத்தித்தான் வள்ளிய சம்மதிக்க வைக்கிறாரு. அதுவும் ஏமாத்துதான். எங்க அப்பத்தா அந்தக் கட்டம் வந்தா மட்டும் "இது ஆகாத வேலை முருகா"ன்னு வெத்தலைய துப்பும், ஒவ்வொரு வருசமும்.

பரங்குன்றத்தான்:

மைனரு சரியா பிடிச்சாரு. மார்பெசாவுக்கு நேர் எதிர் ஒண்ணு நம்மகிட்ட உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மனுசனுக்குன்னு என்னப் பேசுனாலே உசுரோட இருக்க மாட்டேன்னு பாடுனவ. அங்க கடவுள் போய் நிக்கிறாரு, இங்க இவ போய் நிக்கிறா. அவ சூடுன மாலை இன்னைக்கும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு வருது, அழகர் அதப் போட்டுகிட்டுத்தான் ஆத்துல இறங்குறாரு. இறங்கிட்டு வண்டியூருக்குப் போறது துலுக்க நாச்சியாரப் பாக்கத்தான்னு ஊரே சொல்லும். அது எந்த ஏட்டுல இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க, எங்கம்மா சொன்னா, எனக்கு அது போதும்.

திருநகர் சித்தி:

நேத்து மேகம். இன்னைக்கு எட்டரைக்கே கரண்ட் போயிடுச்சு, வாழ்க. கரண்டி தெரிஞ்சுச்சு, நடு நட்சத்திரமும் தெரிஞ்சுச்சு, அருந்ததி எனக்குத் தெரியல, கண்ணாடி போட்டும் தெரியல, அவளுக்குப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. கரடி எத்தன மணிக்கு குளிக்க இறங்கும்னு கேட்டு உக்காந்தே இருந்தா, பதினொரு மணிக்கு நான்தான் இழுத்துட்டு வந்தேன்.

மைனர் தம்பி, இப்ப வள்ளி நாடகம் பாக்கணும்னு ஒரே அடம். சின்னப் பிள்ளைய கூட்டிட்டு வரலாமா? ரொம்ப டபுள் மீனிங்கா இருக்குமா?

மேலூர் மைனர்:

பபூன் வர்ற கட்டத்துல மட்டும் கொஞ்சம் சூதானமா இருக்கணும்க்கா, அப்ப பிள்ளைய பஜ்ஜிக் கடை பக்கம் கூட்டிட்டுப் போயிடுங்க, அவரே ஒரு மணி நேரம் இழுப்பாரு. நாடகம் பத்து மணின்னு நோட்டீஸ்ல போடுவாய்ங்க, பதினொண்ணரைக்குத்தான் ஆரம்பிக்கும். வள்ளி தர்க்கம் ஒரு மணிக்கு மேல. மத்தியானமே தூங்க வச்சுக் கூட்டிட்டு வாங்க. பாய் கொண்டாங்க, முன்னாடி எடம் எங்கம்மா பிடிச்சு வைக்கும்.